திரும்பும் விளக்கு

பிப்ரவரி. காலை எட்டரை.
கதவுப் பிடி விரலோடு ஒட்டிக்கொள்கிறது.
கேர்ட்லாவில் வண்டிச் சோதனை பத்து மணிக்கு.
என் வோல்வோவுக்கு முப்பத்தைந்து வயது;
நேற்றிலிருந்து அதற்கு
இடமும் இல்லை, வலமும் இல்லை.

தண்டைக் கீழே தள்ளினால் மௌனம்.
மேலே தள்ளினால் அதே மௌனம்.
டிக் டிக் என்று
சலிப்பூட்டிக்கொண்டே கூட வந்த சின்னச் சத்தம்
இல்லாதபோதுதான் வண்டிக்குள்
எவ்வளவு இடம் இருக்கிறதென்று தெரிகிறது.

ஹீயூமா தீவில் இதெல்லாம் ஒரு குறையா?
லெய்லி டாக்டர் எந்த முனையில் திரும்புவாள் என்று
இங்கே மாடுகளுக்கும் தெரியும்.
செவ்வாய் என்றால் பால்பண்ணை, இடது.
கன்று குறுக்கே கிடந்தால் நள்ளிரவு, காட்டுப்பாதை, வலது.
ஆனால் சோதனைக்கார ஐவார்
தெரிந்ததை ஒப்புக்கொள்ள மாட்டான்,
எரிந்தால்தான் ஒப்புவான்.

சரி, நோயாளியைப் பார்ப்போம்.
வாய் பேசாததைப் பரிசோதிப்பதுதானே என் பிழைப்பு.

அபாய விளக்கை அழுத்தினேன்.
நான்கு மூலையும் பளிச், பளிச்.
ஆக பல்புகள் உயிரோடு. ரிலேயும் உயிரோடு.
கதவோரத்துப் பலகையைக் கழற்றி
ஃபியூஸ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உருட்டினேன்.
பச்சை பூத்த முனைகளை
குளம்பு தேய்க்கும் அரத்தால் லேசாகச் சுரண்டினேன்.
மௌனம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது:
இந்த வண்டியில்
திரும்பும் விளக்குக்குப் போகிற மின்சாரம்
அபாய ஸ்விட்சின் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளியே வரும்.
அபாயம் ஒன்றும் இல்லை என்று
அது சொன்னால்தான்
இடமோ வலமோ போகலாம்.
யார் உட்கார்ந்து இப்படி யோசித்தார்களோ.

அழுத்தினேன், விட்டேன். இருபது தடவை.
நாற்பத்து மூன்றாவதில்
டிக்.
விரலை எடுத்தேன், நின்றது.
ஸ்விட்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் டிக், டிக்.
இருக்கையை விட்டு எழ வழியில்லை.
பின்பக்கம் எரிகிறதா என்று யார் சொல்வார்?
பாதையோரப் பனிக்குவியலுக்கு முதுகு காட்டி நிறுத்தி
கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தைத் தேடினேன்.
வெயில் ஏறிவிட்டது;
பனி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது.

ஹெல்துரின் டிராக்டர் வந்து நின்றது.
அவன் பாதையை நான் அடைத்திருந்தேன்.
மூன்று வருடமாக அவன் என்னோடு பேசுவதில்லை,
அவனுடைய சாம்பல் குதிரைக்கு
நான் ஊசி போட்ட இரவிலிருந்து.
வேறு வழி இருக்கவில்லை. இன்றும் அதைத்தான் சொல்வேன்.
ஆனால் ஊசியை ஏற்றுவதற்கு முன்
அவன் பக்கம் ஒருமுறை திரும்பியிருக்கலாம்.

இறங்கினான். என் விரலைப் பார்த்தான்.
தொங்கும் வயர்களைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

“எரியுது.”
“அணைஞ்சிடுச்சு.”
“எரியுது.”
தண்டை மேலே தள்ளினேன்.
“எரியுது. அணைஞ்சிடுச்சு. எரியுது.”

பார்க்க வேண்டியது முடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் நான் தண்டை நிறுத்தவில்லை.
அவனும் நிறுத்தவில்லை,
ஒவ்வொரு பளிச்சுக்கும் ஒரு சொல்,
வாயிலிருந்து புகை புகையாக.

“இடது கொஞ்சம் மங்கல்” என்றான் கடைசியில்.
ஒரு தீக்குச்சியைப் பிளந்து
ஜன்னல் வழியே நீட்டினான்.
ஸ்விட்சின் ஓரத்தில் செருகினேன். பிடித்துக்கொண்டது.

வண்டியை ஒதுக்கினேன். டிராக்டர் முன்னே போனது.
அதற்குத் திரும்பும் விளக்கே கிடையாது.
வளைவில், பின்னால் நான் ஒருத்திதான்,
நான் அறியாத வீடும் அல்ல அது;
இருந்தும் இடது கையை முழுசாக நீட்டினான்,
கையுறை இல்லாமல்.

கேர்ட்லாவில் ஐவார் விளக்குகளைச் சுற்றிவந்து பார்த்தான்.
இடது சரி, வலது சரி.
தீக்குச்சியைக் கண்டும் காணாததுபோல் விட்டான்.
பிறகு கைப்பிரேக்கை இழுத்தான்.
அது வானம் வரைக்கும் வந்தது.
முப்பது நாளுக்குள்
திரும்பி வாருங்கள் என்றான்.